மேனேஜரை ஒரே நாளில் அனுப்ப முடிகிறது, தலைவரை ஏன் முடியவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து ஊழல் பற்றித் தங்கள் வாசகர் பக்கத்தில் நடந்துவரும் வாக்குவாதத்தில் இரண்டு குரல்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. "மேனேஜர், ஏஜென்ட், ஃபிஃபா (உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பு) எல்லாரும் கூட்டுக் களவாணிகள்" என்பது ஒன்று. "நீதிமன்றமே விடுதலை செய்துவிட்டது, இன்னும் என்ன பேச்சு" என்பது இன்னொன்று. எல்லாரையும் பிடிக்கச் சொல்கிற முதல் குரல் கடைசியில் யாரையும் பிடிக்காது. இரண்டாவது குரல் குற்றவியல் தீர்ப்பையும் நிர்வாகப் பொறுப்பையும் போட்டுக் குழப்புகிறது. ஆள் யார் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, பணம் எந்த வழியாகப் போனது, அந்தத் தாளில் கையெழுத்திட்டவர் யார், அவரைக் கேள்வி கேட்க வேண்டியவரைப் பதவியில் அமர்த்தியது யார் என்று பார்ப்பதே பயன் தரும்.

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2016 செப்டம்பர் 26 இரவு, இங்கிலாந்து தேசிய அணியின் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், சாம் அலர்டைஸ் தொழிலதிபர்கள் போல வேடமிட்டு வந்த டெய்லி டெலிகிராப் செய்தியாளர்களிடம் பேசிய பேச்சு வெளியானது. வீரரின் மீது கிளப் அல்லாத மூன்றாம் தரப்புக்கு உரிமை இருக்கக் கூடாது என்ற விதியைச் சுற்றிக்கொண்டு போவது எப்படி என்று அதில் அவர் பேசினார். 4 லட்சம் பவுண்டு கிடைக்கக்கூடிய ஒரு பக்க வருமானம் பற்றியும் பேச்சு நடந்தது. மறுநாள் பதவி போயிற்று. மொத்தம் 67 நாள், ஒரே ஓர் ஆட்டம். அவர் குற்றம் புரிந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பின்னர் போலீஸ் சொன்னது, ஆனால் பதவி திரும்பி வரவில்லை.

இப்போது மற்றது. 2015 மே 27 அதிகாலை, சூரிச் நகரின் ஓர் ஆடம்பர ஹோட்டலில் ஸ்விஸ் போலீஸ் 7 கால்பந்து நிர்வாகிகளைக் கைது செய்தது. அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட குற்றப்பத்திரிகையில் 14 பேர், 47 குற்றச்சாட்டுகள், 24 ஆண்டுகளில் 15 கோடி டாலருக்கு மேற்பட்ட லஞ்சம். இரண்டே நாள் கழித்து, அதே ஊரில் ஃபிஃபா தலைவர் தேர்தல். 1998 முதல் பதவியில் இருந்த செப் பிளாட்டருக்கு 133 வாக்கு, எதிர்த்து நின்ற ஜோர்டான் இளவரசர் அலிக்கு 73. இரண்டாம் சுற்றுக்கு முன்பே இளவரசர் விலகிக்கொண்டார். சில நாளில் பிளாட்டரே விலகுவதாக அறிவித்தார் என்பது உண்மைதான். ஆனால் அவரை இறக்கியது வாக்காளர்கள் அல்ல.

மேனேஜர் ஒரு சம்பளக்காரர். அவருக்கு முதலாளி உண்டு, ஒப்பந்தம் உண்டு, அவமானம் வந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முதலாளிக்கு வழியும் உண்டு. ஃபிஃபா தலைவருக்கு முதலாளி 211 தேசியக் கூட்டமைப்புகள். ஆளுக்கு ஒரு வாக்கு. பிரேசிலுக்கும் ஒன்று, சில ஆயிரம் பேர் வாழும் மான்செராட் தீவுக்கும் ஒன்று. அந்த 211 பேருக்கும் வளர்ச்சி நிதி கொடுப்பது தலைவரின் அலுவலகம். 2023 முதல் 2026 வரையிலான நான்காண்டுச் சுற்றில் ஒரு கூட்டமைப்புக்கு 80 லட்சம் டாலர் வரை கிடைக்கும். பெரிய நாட்டுக்கு அது சில்லறை. சிறிய நாட்டுக்கு அலுவலகச் சம்பளம், பயணச் செலவு, மைதானம் எல்லாமே அதுதான். நிதி கொடுப்பதைக் குறை சொல்லவில்லை, அது தேவை. வாக்கைப் பெறுபவரும் காசோலையில் கையெழுத்திடுபவரும் ஒருவரே என்பதுதான் கோளாறு. இந்த அமைப்பில் நல்லவர் ஒருவர் தலைவரானாலும் வாக்காளர்கள் அவரைக் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

மேனேஜர்கள் விஷயத்துக்கு வருவோம். வாசகர்கள் "கமிஷன் வாங்கினார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதற்கு இன்றளவும் சிறந்த பாடம் அர்செனல் மேனேஜர் ஜார்ஜ் கிரகாமின் வழக்கு. 1992இல் டென்மார்க்கின் பிரான்பி கிளப்பிலிருந்து ஜான் யென்சனை வாங்க அர்செனல் கொடுத்தது ஏறத்தாழ 15.7 லட்சம் பவுண்டு. பிரான்பிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 9 லட்சம். நடுவில் நின்றவர் நார்வே நாட்டு ஏஜென்ட் ரூனே ஹாகே. கிரகாமின் கைக்கு வந்தது 2,85,000 பவுண்டு. அதற்கு முந்தைய ஆண்டு நார்வே வீரர் பால் லீடர்சனை வாங்கிய வகையில் 1,40,000. ஆக 4,25,000. கேட்டு வாங்கவில்லை, தானாக வந்த அன்பளிப்பு என்றார் கிரகாம். பணத்தை வட்டியோடு கிளப்புக்குத் திருப்பிக் கொடுத்தார். 1995 பிப்ரவரியில் வேலை போயிற்று, ஓராண்டுத் தடையும் வந்தது. தடை முடிந்த கையோடு லீட்ஸ் அவரை மேனேஜராக்கியது.

இதில் பார்க்க வேண்டியது அந்த 6 லட்சத்துச் சொச்சம் பவுண்டு வித்தியாசத்தை. வாங்கிய கிளப்பின் ஏட்டில் ஒரு தொகை, விற்ற கிளப்பின் ஏட்டில் இன்னொரு தொகை. இரண்டு ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்திருந்தால் போதும், எந்தத் துப்பறிவாளரும் தேவைப்பட்டிருக்காது. அப்படி விரித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் யாருமே அன்று இல்லை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2010 அக்டோபர் முதல் நாடு விட்டு நாடு போகும் எல்லா வீரர் பரிமாற்றங்களுக்கும் ஃபிஃபாவின் கணினிப் பதிவு முறை கட்டாயமானது. விற்கும் கிளப்பும் வாங்கும் கிளப்பும் தனித்தனியே தொகை, தவணை, ஏஜென்ட் பெயர் எல்லாவற்றையும் பதிய வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பரிமாற்றம் நகராது. யென்சன் வகைத் திருட்டு இதனால் கடினமாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பணம் வேறு வாசல் பார்த்துக்கொண்டது. "வீரர்களைத் தேடிக் கண்டறிந்த சேவை" என்று ஒரு தனி ஒப்பந்தம். வீரரின் உருவப்பட உரிமைக்கென்று வெளிநாட்டில் ஒரு கம்பெனி. மேனேஜரின் ஏஜென்டே அந்த மேனேஜர் வாங்கச் சொல்லும் வீரருக்கும் ஏஜென்ட். இவற்றில் கடைசியதைச் சட்டப்படி லஞ்சம் என்று நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம், ஏனென்றால் மேனேஜரின் கைக்கு ஒரு காசும் நேராகப் போவதில்லை. அவருடைய அடுத்த வேலையையும் அடுத்த சம்பள உயர்வையும் பேசி முடிப்பவர் அந்த ஏஜென்ட். நன்றிக்கடன் அங்கே தீர்க்கப்படுகிறது.

லண்டன் போலீஸின் முன்னாள் தலைவர் ஸ்டீவன்ஸ் பிரபு தலைமையில் 2006, 2007இல் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் நடத்திய விசாரணை 362 பரிமாற்றங்களை அலசியது. 17ஐத் தவிர மற்றவற்றுக்குப் பச்சைக்கொடி. இதை வைத்து "பார்த்தீர்களா, 95 விழுக்காடு சுத்தம்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த விசாரணைக் குழுவுக்கு யாருடைய வங்கிக் கணக்கையும் கட்டாயப்படுத்தித் திறக்கும் அதிகாரம் இல்லை. ஏஜென்டுகள் சொன்னதையும் காட்டியதையும் வைத்துத்தான் முடிவு எழுத வேண்டியிருந்தது. சந்தேகம் எழவில்லை என்பதும் சுத்தம் என்பதும் ஒன்றல்ல.

சட்டத்தின் பலம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சிறு உதாரணம் உண்டு. அலர்டைஸ் சிக்கிய அதே டெலிகிராப் வலையில் பார்ன்ஸ்லி கிளப்பின் துணைப் பயிற்சியாளர் ஒருவரும் விழுந்தார். வாங்கியது 5,000 பவுண்டு. இங்கிலாந்தின் 2010 லஞ்சச் சட்டம் தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்கியிருந்ததால், 2019இல் அவரும் இரண்டு ஏஜென்டுகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கோடிகளில் புரளும் விளையாட்டில் நீதிமன்றம் வரை போய்க் குற்றம் நிரூபணமானது ஐயாயிரம் பவுண்டுக்கு! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஏஜென்ட் கட்டணத்துக்கு வரம்பு வைக்கும் முயற்சி என்னவாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "ஃபிஃபா எதுவுமே செய்யவில்லை" என்பது தவறான குற்றச்சாட்டு. 2023 அக்டோபரில் புதிய விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வீரரின் ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் அவருடைய ஏஜென்டுக்கு 3 விழுக்காடு, அதற்குள் என்றால் 5. விற்கும் கிளப்பின் ஏஜென்டுக்குப் பரிமாற்றத் தொகையில் 10. விற்பவருக்கும் வீரருக்கும் ஒரே ஆள் ஏஜென்டாக இருக்கக் கூடாது. ஏஜென்டுகள் நீதிமன்றம் போனார்கள். ஜெர்மனியில் தடை, இங்கிலாந்தின் நடுவர் மன்றத்தில் தோல்வி. அந்த டிசம்பர் 30ஆம் தேதி ஃபிஃபாவே முக்கிய விதிகளை உலகம் முழுவதும் நிறுத்திவைத்தது. மூன்று மாத ஆயுசு. விலையைக் கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பதுதான் வாதம். ஆகவே வரம்பு வைப்பதை விட்டுவிட்டு, வெளியிடச் செய்வதைப் பிடித்துக்கொள்வதே சாமர்த்தியம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஆண்டுதோறும் ஒவ்வொரு கிளப்பும் ஏஜென்டுகளுக்குக் கொடுத்த மொத்தத்தை வெளியிடுகிறது. 2024 பிப்ரவரியோடு முடிந்த ஆண்டில் பிரீமியர் லீக் கிளப்புகள் மட்டும் 40 கோடி பவுண்டுக்கு மேல். ஆனால் கிளப் வாரியான மொத்தம்தான். எந்தப் பரிமாற்றத்தில், எந்த ஏஜென்டுக்கு, எவ்வளவு என்ற பிரிப்பு கிடையாது. மொத்தத்தைப் பார்த்து வாயைப் பிளக்கலாம், எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இதில் நஷ்டப்படுவது பணக்கார கிளப்புகள்தானே, நமக்கென்ன என்று ஒரு கடிதம் கேட்டிருந்தது. இல்லை. நாடு விட்டு நாடு பரிமாற்றம் நடந்தால் தொகையில் 5 விழுக்காடு அந்த வீரரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. ஒரு கோடி டாலர் பரிமாற்றம் என்றால், 16 வயதில் அவரை ஓராண்டு வைத்திருந்த சின்னஞ்சிறு கிளப்புக்கு 50,000 டாலர். இப்போது அந்த ஒரு கோடியில் 20 லட்சத்தைப் பரிமாற்றத் தொகையாகக் காட்டாமல் "ஆலோசனைக் கட்டணம்" என்று ஏஜென்ட் பக்கம் தள்ளிவிட்டால், சிறு கிளப்பின் பங்கு 40,000 ஆகச் சுருங்கும். மறைக்கப்படும் ஒவ்வொரு தொகையும் கீழே உள்ளவரின் பங்கிலிருந்துதான் கழிகிறது. 2022 நவம்பர் முதல் பாரிஸில் ஒரு தீர்வகம் வைத்து இந்தப் பங்கை நேரடியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அது நல்ல வேலை. ஆனால் வீரரின் பதிவு வரலாறு சரியாக எழுதப்படாத நாடுகளில், எந்த வயதில் எந்தக் கிளப்பில் இருந்தார் என்பதற்குத் தாள் இல்லாமல் பணம் நிற்கிறது. தாளைப் பராமரிக்க வேண்டியது தேசியக் கூட்டமைப்பு.

இனி மேலே போவோம். நிர்வாக அமைப்புகளின் பெரிய வழக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் பிடித்தவர் யார் என்று மட்டும் பாருங்கள். ஃபிஃபாவின் சந்தைப்படுத்தும் கூட்டாளியான ஐஎஸ்எல் நிறுவனம் 2001இல் திவாலானது. திவால் கணக்கைப் பார்த்தபோதுதான் ஒளிபரப்பு உரிமைக்காகக் கொடுத்த கமிஷன்கள் தெரிந்தன. 2012இல் வெளியான ஸ்விஸ் ஆவணத்தின்படி முன்னாள் தலைவர் ஜோவோ ஆவெலாஞ்சுக்கு 15 லட்சம் ஃபிராங்க், பிரேசில் கால்பந்துத் தலைவர் ரிக்கார்டோ டெய்ஷெய்ராவுக்கு 1.27 கோடி ஃபிராங்க். அந்தக் காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் தனியார் அமைப்பின் நிர்வாகி கமிஷன் வாங்குவது குற்றமே அல்ல. ஃபிஃபா ஒரு கம்பெனி அல்ல, சங்கம். ஊர்ப் பாடகர் குழு எந்தச் சட்டப்பிரிவின்கீழ் இயங்குகிறதோ ஸ்விஸ் சிவில் சட்டத்தின் அதே 60ஆம் பிரிவின்கீழ் இயங்குகிறது. தனியார் லஞ்சத்தை அரசே முன்வந்து வழக்குப் போடக்கூடிய குற்றமாக ஸ்விஸ் சட்டம் மாற்றியது 2016இல்தான்.

அமெரிக்க வழக்கின் வேர் சக் பிளேசர். வட, மத்திய அமெரிக்கக் கரீபியன் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர், ஃபிஃபா செயற்குழு உறுப்பினர். கூட்டமைப்பு சம்பாதிக்கும் ஸ்பான்சர், தொலைக்காட்சிப் பணத்தில் 10 விழுக்காடு தன் சொந்தக் கம்பெனிக்கு என்று ஓர் ஒப்பந்தம். அது 1998இல் காலாவதியானது. அதன் பிறகும் கமிஷன் நின்றபாடில்லை. ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் அந்த வகையில் மட்டும் போனதாகக் கூட்டமைப்பின் விசாரணை 2013இல் கண்டது. பொதுச்செயலாளர் அவர், பணம் பெறுபவரும் அவர், ஒப்பந்தம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவரும் அவரே. அவரைப் பிடித்தது கால்பந்தின் எந்தக் குழுவும் அல்ல. பல ஆண்டுகள் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டதால் வரித்துறை பிடித்தது. அதன் பின்னர்தான் அவர் சாவிக்கொத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒளித்துக்கொண்டு சக நிர்வாகிகளைச் சந்தித்தார்.

2006 ஜெர்மனி உலகக் கோப்பையும் அப்படியே. தொடக்க கலைவிழாவுக்கு என்று 67 லட்சம் யூரோவை 2005இல் ஜெர்மன் கூட்டமைப்பு ஃபிஃபாவுக்கு அனுப்பியது. விழா நடக்கவேயில்லை. பணம் அடிடாஸின் முன்னாள் தலைவர் ராபர்ட் லூயி டிரைஃபஸுக்குப் போய்ச் சேர்ந்தது, 2002இல் அவர் கொடுத்திருந்த ஒரு கோடி ஃபிராங்க் கடனைத் தீர்க்க. அந்தக் கடன் தொகை போன இடம் கத்தாரில், ஃபிஃபா செயற்குழுவில் இருந்த முகமது பின் ஹம்மாமோடு தொடர்புடைய கணக்கு. எதற்காக என்பது இன்றுவரை துலங்கவில்லை. வெளிக்கொண்டுவந்தது 2015இல் ஒரு வார இதழ். ஸ்விஸ் வழக்கு 2020 ஏப்ரலில் காலக்கெடு கடந்து செத்தது. 2025இல் பிராங்பர்ட் நீதிமன்றம் ஜெர்மன் கூட்டமைப்புக்கு அபராதம் விதித்தது, அதுவும் வரி ஏய்ப்புக்காக. மீண்டும் வரி! செலவுச் சீட்டில் பொய்யான காரணம் எழுதியது மட்டுமே சட்டத்தின் பிடிக்குள் அகப்பட்டது.

கானாவில் 2018இல் கூட்டமைப்புத் தலைவர் க்வெசி நியான்டாச்சி 65,000 டாலர் வாங்குவது ஒரு ரகசியப் புலனாய்வுப் படத்தில் பதிவானது. அவரும் பழைய செயற்குழுவின் இடத்தில் வந்த ஃபிஃபா கவுன்சிலின் உறுப்பினர்தான். பதவி விலகினார், ஆயுள்தடை வந்தது, மேல்முறையீட்டில் 15 ஆண்டாகக் குறைந்தது. அந்தப் புலனாய்வுக் குழுவில் இருந்த பத்திரிகையாளர் அகமது ஹுசைன் சுவாலே 2019 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். "ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள்" என்று சாவகாசமாகச் சொல்லும் வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திவால் அதிகாரி, வரித்துறை, வார இதழ், ரகசிய கேமரா. வீட்டுக்குள் இருக்கும் காவல்காரர் என்ன செய்துகொண்டிருந்தார்? சில சமயம் வேலை செய்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஃபிஃபாவின் நெறிமுறைக் குழுவுக்காக அமெரிக்க வழக்கறிஞர் மைக்கேல் கார்சியா 2018, 2022 உலகக் கோப்பைகளின் ஏலத்தை விசாரித்து நானூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை எழுதினார். நெறிமுறைக் குழுவின் தீர்ப்புப் பிரிவுத் தலைவர் 42 பக்கச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டார். சுருக்கம் தன் அறிக்கையைத் திரித்துவிட்டது என்று சொல்லி கார்சியா 2014 டிசம்பரில் விலகினார். முழு அறிக்கை 2017 ஜூனில்தான் வெளிவந்தது, அதுவும் ஒரு ஜெர்மன் நாளிதழுக்குக் கசிந்த பிறகு. அதற்கு முந்தைய மாதம் எல்லாக் கூட்டமைப்புகளும் கூடிய பஹ்ரைன் மாநாட்டில், பிளாட்டருக்கும் ஐரோப்பியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிளாட்டினிக்கும் தடை விதித்த அதே நெறிமுறைக் குழுவின் இரண்டு தலைவர்களும் மறுநியமனம் இன்றி அனுப்பப்பட்டார்கள். ரஷ்யத் துணைப் பிரதமரைக் கவுன்சில் தேர்தலில் நிற்கவிடாமல் தடுத்த நிர்வாகக் குழுத் தலைவர் மிகேல் மதுரோவும் கூடவே போனார். நூற்றுக்கணக்கான வழக்குகள் நிலுவையில் இருந்த நேரம் அது. கவுன்சில் முன்மொழிய, மாநாடு கை தூக்க, முடிந்தது. காவல்காரரின் வேலை, காவலுக்கு உட்பட்டவர் கையில் இருக்கும் வரை இப்படித்தான்.

பிளாட்டர், பிளாட்டினி விடுதலையைக் காட்டி வாதிடுவோருக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். 2011இல் பிளாட்டினிக்கு ஃபிஃபா 20 லட்சம் ஃபிராங்க் கொடுத்தது. 1998 முதல் 2002 வரை செய்த ஆலோசனை வேலைக்குப் பாக்கி என்றார்கள். எழுத்து ஒப்பந்தத்தில் இருந்தது ஆண்டுக்கு 3 லட்சம். மிச்சம் வாய்மொழி. ஸ்விஸ் நீதிமன்றங்கள் 2022இலும் 2025இலும் இருவரையும் விடுவித்தன. அவர்களைக் குற்றவாளிகள் என்று இனி எழுதக் கூடாது, சரி. ஆனால் ஒன்பது ஆண்டு கழித்து, எழுத்தில் இல்லாத கடனுக்கு, தலைவர் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு, ஒரு பெரிய கூட்டமைப்பின் தலைவருக்கு 20 லட்சம் கொடுக்க எந்தக் கணக்குப் பிரிவு ஒப்புதல் தரும்? "குற்றமா" என்பது நீதிமன்றத்தின் கேள்வி, "நலன் முரண்பாடா" என்பது விளையாட்டின் கேள்வி. லொசானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றது, பிளாட்டினியின் தடையை 4 ஆண்டாகக் குறைத்தது, நீக்கவில்லை.

கையெழுத்து பற்றி ஆரம்பத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று உண்டு. பிளாட்டர், பொதுச்செயலாளர் ஜெரோம் வால்க், நிதி இயக்குநர் மார்க்கஸ் காட்னர் ஆகிய மூவருக்கும் ஐந்தாண்டில் 7.9 கோடி ஃபிராங்குக்கு மேல் சம்பள உயர்வாகவும் போனஸாகவும் போனதாக ஃபிஃபாவின் வழக்கறிஞர்களே 2016 ஜூனில் அறிவித்தார்கள். ஒருவருடைய ஒப்பந்தத்தில் மற்றவர் கையெழுத்து. 2011 தேர்தலுக்குச் சற்று முன் வால்க்குக்கும் காட்னருக்கும் எட்டரை ஆண்டு நீட்டிப்பு, தலைவர் தோற்றாலும் இழப்பீடு உறுதி. அத்தனை காலமும் வெளித்தணிக்கையாளர் ஆண்டறிக்கைக்குச் சான்று அளித்துக்கொண்டுதான் இருந்தார். தணிக்கையாளர் கேட்பது கையெழுத்து இருக்கிறதா, வவுச்சர் இருக்கிறதா என்று. இரண்டும் இருந்தன.

2016 பிப்ரவரிச் சீர்திருத்தம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. தலைவரின் சம்பளத்தைத் தனிக்குழு நிர்ணயிக்கிறது, வெளியிடுகிறார்கள். தலைவருக்கு மூன்று தவணை, 12 ஆண்டு உச்சவரம்பு. அந்த வரம்பும் நீளத் தொடங்கிவிட்டது. ஜியான்னி இன்ஃபான்டினோவின் 2016 முதல் 2019 வரையிலான மூன்றாண்டுக் குறைத் தவணை, கணக்கில் சேராது என்று 2022 டிசம்பரில் கவுன்சில் தீர்மானித்தது. ஆக 2031 வரை இருக்கலாம். 2023இல் கிகாலியில் எதிர்ப்போட்டி இல்லாமல் கைதட்டலிலேயே தேர்வானார். ஐரோப்பியக் கூட்டமைப்பிலும் 2024 பிப்ரவரியில் இதே கதை, தலைவர் செஃபெரின் நீடிக்க வழி செய்யும் திருத்தம் நிறைவேறியது. அதை எதிர்த்துக் குரோஷியாவின் முன்னாள் வீரர் ஸ்வோனிமிர் போபன் அங்கே தன் பதவியைத் துறந்தார். வாக்கெடுப்பில் இங்கிலாந்து மட்டும் எதிர்த்தது. திருத்தம் நிறைவேறிய அன்றே 2027இல் நிற்கப்போவதில்லை என்று செஃபெரின் அறிவித்தார் என்பது வேறு விஷயம்.

உலகக் கோப்பை யாருக்கு என்பதை 22 பேர் மூடிய அறையில் முடிவு செய்த 2010 முறையை ஒழித்து, மாநாடு முழுவதும் வாக்களிக்கச் செய்தது உண்மையான முன்னேற்றம். 2018இல் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா கூட்டணிக்கு 134, மொராக்கோவுக்கு 65 என்று யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வரை வெளியானது. அடுத்த முறையே என்ன செய்தார்கள்? 2034க்கு விண்ணப்பிக்க நான்கு வாரம்கூட அவகாசம் தரவில்லை. சவுதி அரேபியா மட்டும் களத்தில். 2024 டிசம்பர் 11 இணையவழி மாநாட்டில் கைதட்டல். வாக்கு இல்லாவிட்டால் வாக்கை விலைக்கு வாங்கவும் வேண்டியதில்லை!

"அரசாங்கம் தலையிட்டுச் சுத்தம் செய்யட்டும்" என்ற யோசனை ஆசையாக இருக்கிறது, ஆனால் அதற்கு முட்டுக்கட்டை உண்டு. தேசியக் கூட்டமைப்பில் வெளியார் தலையிட்டால் ஃபிஃபா அந்த நாட்டையே இடைநீக்கம் செய்யும். கென்யாவில் நிதி முறைகேடு என்று சொல்லி அரசு கூட்டமைப்பைக் கலைத்தது, 2022 பிப்ரவரியில் தடை வந்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் குழு காரணமாக 2022 ஆகஸ்டில் 11 நாள் தடை. விதியின் நோக்கம் நியாயமானது, அமைச்சரின் மைத்துனர் அணித் தேர்வுக்குழுவில் உட்காரக் கூடாது என்பதற்காக வந்தது. நடைமுறையில் அது பழம்பெருச்சாளிகளுக்கு கேடயம் ஆகிவிடுகிறது. நீதிமன்ற உத்தரவையும் அமைச்சரின் தலையீட்டையும் ஒரே தட்டில் வைப்பதை ஃபிஃபா நிறுத்த வேண்டும். குறைந்தபட்சம், சுதந்திரமான கணக்குத் தணிக்கைக்கு உத்தரவிடுவது தலையீடு ஆகாது என்று சட்டவிதியில் எழுதட்டும்.

இங்கிலாந்து வேறு பாதை பிடித்தது. 2025 ஜூலையில் சட்டம் இயற்றி, ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து பிரிவுகளுக்கும் தனி ஒழுங்குமுறை ஆணையம். உரிமையாளர்களையும் உயர் நிர்வாகிகளையும் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தும், தகவலைக் கட்டாயமாகக் கேட்டுப் பெறும் அதிகாரம் உண்டு. ஸ்டீவன்ஸ் பிரபுவுக்கு இல்லாதது அதுதான். ஆனால் ஆணையத்தின் முதல் தலைவர், தன்னை நியமித்த அமைச்சர் முன்பு நின்ற கட்சித் தலைமைத் தேர்தலுக்கு நன்கொடை கொடுத்தவர் என்பது தெரியவந்து, நியமன விதி மீறப்பட்டது என்று கண்டறியப்பட்டு, அமைச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. தொடக்கமே சறுக்கல்.

காலக்கெடு பற்றியும் ரசிகர்கள் பேசுவதே இல்லை. மான்செஸ்டர் சிட்டி மீது ஐரோப்பியக் கூட்டமைப்பு விதித்த இரண்டாண்டுத் தடை 2020இல் ரத்தானபோது, சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை, சிலவற்றுக்கு ஐந்தாண்டுக் காலக்கெடு கடந்துவிட்டது என்றது நடுவர் மன்றம். 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் அதே கிளப் மீது சுமத்திய நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளில், மேனேஜருக்குக் கொடுத்த சம்பளத்தை முழுமையாகக் காட்டவில்லை என்பதும் ஒன்று. 2009இல் தொடங்கும் காலத்தைப் பற்றியது அது. கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது. குற்றம் உண்மையோ பொய்யோ, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து விசாரித்தால் யாருக்கும் நியாயம் கிடைக்காது, குற்றம் சாட்டப்பட்ட கிளப்புக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே கேட்க வேண்டியவை சில. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தொகை, ஏஜென்ட் பெயர், அவர் யாருக்காகப் பேசினார், எவ்வளவு பெற்றார் என்ற நான்கையும் 60 நாளில் வெளியிட வேண்டும். மேனேஜரின் ஏஜென்ட் யார் என்பதும் அதே பட்டியலில் இருந்தால், மேலே சொன்ன நன்றிக்கடன் வலை தானாகக் கண்ணில் படும். ஃபிஃபா பதிவு முறையில் இந்தத் தகவலில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் சேகரிக்க வேண்டியதில்லை, திறந்துவிட வேண்டியதுதான். நெறிமுறைக் குழுவினரைக் கவுன்சில் முன்மொழியாமல் வெளி அமைப்பு ஒன்று தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு நீண்ட தவணைக்கு, இடையில் நீக்க முடியாதபடி நியமிக்க வேண்டும். வளர்ச்சி நிதியை வாக்குக் கேட்கும் தலைவரின் அலுவலகத்திடமிருந்து பிரித்துத் தனி அறக்கட்டளையிடம் விட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம், 211 பேரும் அதற்கு எதிராகத்தான் வாக்களிப்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீரர் பரிமாற்றச் செய்தி வரும்போது "இத்தனை கோடிக்கு ஒப்பந்தம்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அதன் கீழே ஏஜென்ட் கட்டணம் என்று ஒரு வரி சேருங்கள். தொகை தெரிந்தால் தொகை. தெரியாவிட்டால் "கிளப் வெளியிடவில்லை" என்று கிளப்பின் பெயரோடு போடுங்கள், அடுத்த பரிமாற்றத்துக்கும் அப்படியே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்